வலஞ்சுழி ஜெயந்திமாலா

ஜெயந்திமாலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இயற்பியல் மேல் தீராத காதல் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவள் கல்லூரியில் சேரப் போன அன்று வேதியியல் இடம் நிரம்பிவிட்டது. "பிசிக்ஸ் இருக்கு, போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "போடுங்க" என்றிருக்கிறாள். வந்தவாசிப் பக்கத்து ஜைன கிராமத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குணபாலனின் மகள் ஒளியைப் பிடித்தது இப்படித்தான். பிடித்த பிறகு விடவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அவள் திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். அதே கல்லூரியில் நான் தமிழ். என் பெயர் சந்திரகலா. இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறோம், ஒரே ஸ்கூட்டரில் போய் வருகிறோம். வண்டி அவளுடையது, வாய் என்னுடையது.

பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது, எதைப் பற்றி என்று கேட்டேன். "மேற்பரப்புல ஓடுற ஒளி" என்றாள். ஒளி ஒரு பரப்பில் விழும், திரும்பும், அதெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டதே என்றேன். அவளுக்குக் கோபம் வராது. வந்திருந்தால் எங்கள் நட்பு அன்றைக்கே முடிந்திருக்கும். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே விளக்கினாள்.

உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே, விலகாமல் ஓடுகிற ஒளி ஒன்று உண்டாம். அது சும்மா ஓடாது. சைக்கிள் சக்கரம் மாதிரி உருண்டுகொண்டே ஓடும். சக்கரம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். திசையை மாற்ற வேண்டுமானால் சுழற்சியை மாற்றியாக வேண்டும். மேற்பரப்பு ஒளிக்கும் அதே கட்டுப்பாடு. இவள் செய்தது என்னவென்றால், ஒரு மெல்லிய தங்கப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் லேசரை நேராகக் கீழ்நோக்கி விழச் செய்தாள். வலஞ்சுழியாகச் சுழலும் ஒளி விழுந்தால் அலை ஒரு பக்கம் ஓடும். இடஞ்சுழி ஒளி விழுந்தால் மறுபக்கம் ஓடும். எந்தச் சுழிக்கு எந்தப் பக்கம் என்பதைக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

வெட்டுகளை வட்டமாக அமைத்தால் அந்த அலை சுழலாக நிற்குமாம். சுழல் எத்தனை சுற்று என்று எண்ணலாம். படலத்தில் ஒரு தூசி உட்கார்ந்தாலும், ஒரு கீறல் விழுந்தாலும், அலையின் வடிவம் கொஞ்சம் நெளியுமே தவிர அந்த எண்ணிக்கை மாறாது. இது எனக்கு உடனே புரிந்தது. "கிரிவலம் மாதிரி சொல்லு. நடுவுல டீ குடிக்கலாம், அடி அண்ணாமலையில அறுந்த செருப்பைத் தைக்க உக்காரலாம், எதிர்ல வந்த சொந்தக்காரங்க கூட சந்துக்குள்ள போயிட்டு வரலாம். மலையைச் சுத்தி முடிச்சா ஒரு சுத்துதான். முக்கால் சுத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன். அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, "அதேதான்டி" என்றாள். அதற்குப் பிறகு வகுப்பில் அதை அவள் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஏழு வருஷம் ஓடியது. விடுமுறை விட்டால் மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள், இவள் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறுவாள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். அதனால் திரும்பி வரும்போது ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்துப் பார்த்துத் தயிர்சாதத்தை ஓடுகிற பஸ்ஸிலேயே முடித்துவிடுவாள். ஆய்வேட்டை ஒருவழியாக எழுதிச் சமர்ப்பித்தபோது, அவளைவிட நான்தான் ஜாஸ்தி சந்தோஷப்பட்டேன்.

பிறகு தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்தன. ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். இன்னொருவர் குண்டு போட்டிருந்தார். கணக்குப்படி வலஞ்சுழி ஒளிக்கு அலை வலப்பக்கம் போக வேண்டும், இவருடைய படங்களில் இடப்பக்கம் போகிறது. ஒரு படத்தில் அல்ல, எல்லாப் படத்திலும். தாம் எதை அளந்தோம் என்பதே ஆய்வாளருக்குத் தெரிந்ததா என்ற சந்தேகம் எழுகிறது. தக்க விளக்கம் தராவிட்டால் இந்த ஆய்வேட்டை ஏற்பதற்கில்லை.

"வலமும் இடமும் மாறிப்போச்சு, அவ்ளோதானே? இதுக்கா குடி முழுகிப்போச்சு?" என்றேன்.

"எல்லாமே அதுமேலதான்டி நிக்குது. படலத்தைத் தலைகீழா வெச்சுட்டேனா, வெட்டே கண்ணாடி பிம்பமா விழுந்துதா, கேமரா படத்தைத் திருப்பிக் காட்டுச்சா, எதுன்னே தெரியல. தெரியலன்னா அந்த மனுஷன் கேட்டது நியாயம். நான் எதை அளந்தேன்னு எனக்கே தெரியாதுன்னுதானே அர்த்தம்?"

மறுபடி அளந்து பார்க்கவும் வழியில்லை. அந்தப் படலம் ஏற்கெனவே உரிந்துபோய்விட்டது. நுண்ணோக்கியை வேறு துறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதிவுக் காலத்தை ஏற்கெனவே நீட்டியாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள். பதில் எழுதினால் பட்டம், இல்லாவிட்டால் ஏழு வருஷமும் போச்சு.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் அருணகிரி நல்ல மனிதர். ஓய்வு பெறப் போகிறவர், வம்பு வேண்டாதவர். போனில் அவர் சொன்ன யோசனை எனக்கும் கேட்டது. "எழுத்துப் பிழைன்னு போட்டுடலாம்மா. வலம் இருக்கற இடத்துல இடம், இடம் இருக்கற இடத்துல வலம். மாத்தி அனுப்பிட்டா முடிஞ்சுது."

"எழுத்துப் பிழைதானான்னு எனக்குத் தெரியாதே சார்" என்றாள் ஜெயந்திமாலா.

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "போட்டுத் தொலையேன்டி. சாரே சொல்றாரு. யாருக்கு என்ன நஷ்டம்?" அவள் மறுபடியும் அந்தப் படங்களை எடுத்து விரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நேர்மையாக இருப்பவர்களைப் புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனால்தான் தெரியும், அவர்கள் எவ்வளவு தொந்தரவு என்று.

அந்த வாரக் கடைசியில் அவள் கணவர் மகாவீர் என்னைக் கூப்பிட்டார். வேளாண்மை அலுவலகத்தில் இருப்பவர், ஒரு வார்த்தை பேசவே யோசிப்பார். "கலாக்கா, ஜெயந்தி பொழுதோட சாப்பிட வரமாட்டேங்குது. கூப்பிட்டா தோ வரேன்னு அந்தப் படத்தையே பார்த்துக்கினு உக்காந்துக்குது. பொழுது போனா எங்க வீட்ல சாப்பாடு கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். வெறும் வயித்தோடவே படுத்துக்குதுக்கா" என்றார். என் எரிச்சலெல்லாம் அந்தத் தேர்வாளர் மேல் திரும்பியது.

திங்கட்கிழமை கல்லூரி விட்டதும் வண்டிச் சாவியை நான் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு ஸ்கூட்டர் சுமாராகத்தான் வரும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி குமரேசனின் காபிக்கடைக்குப் போனோம். குமரேசன் எங்கள் பழைய மாணவன். வெளிநாட்டுக்காரர்களுக்காக ஏதேதோ இலைகளைப் போட்டுச் சாலட் விற்பவன், எங்களுக்கு மட்டும் தோசை வார்த்துத் தருவான். வெயில் இன்னும் நன்றாகவே அடித்தது. ஜெயந்திமாலா முன்னால் இரண்டு தோசையை வைக்கச் சொல்லி, "இருட்டறதுக்கு நெறைய நேரம் இருக்கு, சாப்பிடு" என்று அதட்டினேன். சாப்பிட்டாள்.

பக்கத்து மேசையில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் எழுந்தது. கணவன், மனைவி, வயதான ஒரு அம்மாள். கடையின் கண்ணாடிக் கதவில் குமரேசன் கிரிவலப் பாதையை, இரு பக்கமும் தெரியும் தாளில் படமாக ஒட்டியிருந்தான். எந்த ஊர்க்காரருக்கும் புரிய வேண்டும் என்று ஓர் எழுத்துகூட இல்லாமல், நடுவில் மலை, சுற்றிலும் பாதை, பாதையில் அம்புக்குறி. அந்தக் கணவர் படத்தை உள்ளேயிருந்தே நன்றாகப் பார்த்து, விரலால் சுற்றிக் காட்டி, மனைவிக்கு விளக்கி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், டவுன் பக்கமாக விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் கும்பிட்டபடி பின்னால் போனார்கள்.

குமரேசன் கரண்டியோடு ஓடினான். "இட்டு காதும்மா, அட்டு, அட்டு!" என்று தனக்குத் தெரிந்த தெலுங்கில் கத்தி, கையைப் பிடிக்காத குறையாக மூன்று பேரையும் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு வந்தான்.

"தெனம் இதே ரோதனை மேடம்" என்றான் மூச்சு வாங்க. "வெளிய நின்னு பார்த்தா சரியாத்தான் இருக்குது. உள்ள உக்காந்து பார்க்கறவங்களுக்கு அம்பு ரிவர்ஸ்ல போவுது. ஒட்டும்போது நான் வெளிய நின்னு ஒட்டினேன். அப்ப தோணவே இல்ல."

நான் சிரித்தேன். "பாதாளத்துல நின்னு மேல பார்த்தா அப்படித்தான்டா தெரியும், கிரிவலம் இடவலமா" என்றேன். திரும்பினால் ஜெயந்திமாலா தோசையை விட்டுவிட்டுக் கதவருகே நின்றிருந்தாள். கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்த்தாள். உள்ளே வந்து பார்த்தாள். மறுபடியும் வெளியே போனாள். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், இது ஏதோ வழிபாடு என்று நினைத்து மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்.

"கலா, நான் மேலேர்ந்து பார்த்தேன்டி" என்றாள்.

உட்கார வைத்துக் கேட்டேன். ஒளியின் சுழற்சி கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுழல வைக்கும் வில்லை எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று முடிவு செய்ய வேண்டும். ஆய்வகத்தில் அந்த வில்லையின் வளையத்தில் இருந்த பழைய குறிகள் அழிந்திருந்தன. முதல் வருஷமே இவள் மேசைமேல் குனிந்து, மேலிருந்து பார்த்து, ஒரு பக்கம் "வ" என்றும் மறுபக்கம் "இ" என்றும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிவிட்டாள். தமிழில் எழுதினால் அங்கே பாதிப் பேருக்குப் புரியாது, புரியாததை யாரும் தொட மாட்டார்கள் என்ற கெட்டிக்காரத்தனம். ஆனால் புத்தகத்தின் வழக்கு வேறு. ஒளி எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து நின்று சொல்ல வேண்டும். ஒளி மேலிருந்து விழுகிறது என்றால், தங்கப் படலத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அவள் "வ" என்று எழுதியது இடஞ்சுழி.

"இதை வருஷா வருஷம் கிளாஸ்ல நடத்தறேன்டி" என்றாள். "எந்தப் பக்கம் நின்னு பார்க்கணும்னு டயக்ராம் போட்டு நடத்தறேன். ஆனா அன்னிக்கு வலம்னு நெனச்ச உடனே கை தன்னால சுத்திடுச்சு. எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு கேக்கணும்னே தோணல."

எப்படித் தோன்றும்? வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒரு நொடி நின்று யோசித்திருப்பாள். இந்த ஊரில் வலம் என்றால் ஒன்றுதான். காலுக்கடியில் தரை, வலக்கைப் பக்கம் மலை, தலைக்கு மேல் வானம். ரோட்டோரப் பலகையிலிருந்து தகவல் அட்டை வரை எல்லாப் படமும் மேலிருந்து பார்த்துப் போட்டதுதான். இந்த ஊருக்கு வாழ வந்து பதினைந்து வருஷத்தில் அவளும் எங்களில் ஒருத்தியாகிவிட்டாள். அதுதான் அவள் செய்த தவறு என்றால், அந்தத் தவறில் எங்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு.

சந்தோஷப்படலாமா என்று பார்த்தால் அவள் விடவில்லை. "இப்ப இது எனக்கு வசதியான விளக்கம். வசதியா இருக்கறதால உண்மைன்னு ஆயிடுமா? அந்தப் பிளாஸ்திரி இன்னும் இருக்கான்னு பார்க்கணும்." ஆய்வகத்தில் இப்போது இருக்கும் ஆராய்ச்சி மாணவி அபிநயாவுக்கு அங்கேயே போன் போட்டாள். பிளாஸ்திரி இருந்தால், கம்பெனிக்காரன் வலம், இடம் என்று முத்திரை குத்தி அனுப்புகிற புது வில்லை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள் அபிநயா.

மறுநாள் முழுக்க எனக்குப் பாடமே ஓடவில்லை. நன்னூல் நடத்துகிறேன், நினைப்பெல்லாம் பிளாஸ்திரியில். யாராவது வளையத்தைத் துடைத்திருந்தால்? வெள்ளையடிக்கும்போது ஓரமாகத் தூக்கிப் போட்டிருந்தால்? மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இருக்குது. 'வ'ன்னு ஒண்ணு, 'இ'ன்னு ஒண்ணு. நாங்க யாரோ வசந்தி, இந்திரான்னு ரெண்டு பேர் பேரு வெச்சிருக்காங்கன்னு நெனச்சோம்" என்றாள் அபிநயா. "புது வில்லையை வெச்சுப் பார்த்துட்டேங்க்கா. நீங்க 'வ'ன்னு ஒட்டின பக்கம் அதுல இடஞ்சுழி. கம்பெனிக்காரங்களும் நம்ம புத்தக வழக்குப்படிதான் குறிச்சிருக்காங்க, அதையும் செக் பண்ணிட்டேன். மூணு தடவை பண்ணிட்டேன். மாறவே இல்ல."

ஜெயந்திமாலா அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி, போனை வைத்து, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். படலம் தலைகீழாக இல்லை. வெட்டு பிசகவில்லை. கேமரா ஏமாற்றவில்லை. ஒளி இந்த ஏழு வருஷமும் எப்படிப் போக வேண்டுமோ அப்படித்தான் போயிருக்கிறது.

அன்று அவள் பொழுதோடு சாப்பிட்டாள் என்று மகாவீர் எனக்கு மெசேஜ் அனுப்பினார். கூடவே கும்பிடு போடும் படம் வேறு.

பதிலை எழுத உட்கார்ந்தபோது அருணகிரி சாருக்குத் தயக்கம். இவ்வளவு விவரமாகத் தவறை ஒப்புக்கொண்டால் அவர்களே அதை வைத்து அடிப்பார்களே என்றார். ஜெயந்திமாலா ஒன்றையும் மறைக்கவில்லை. எப்படிக் குனிந்தாள், எங்கே ஒட்டினாள், எந்த வழக்கை மறந்தாள், யார் எப்படிச் சரிபார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினாள். எழுதியதை என்னிடம் காட்டினாள். ஆங்கிலத்தில் எனக்குப் பிழை பார்க்கத் தெரியாது, தமிழில் ஒன்று சொன்னேன்.

"ஆய்வேடு முழுக்க வலம் போட்டிருக்க, இடம் போட்டிருக்க. நின்ன இடத்தை மட்டும் போடல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பதிலை அனுப்பினாள். அப்புறம் காத்திருப்பு. நேர்மையாக எழுதியாயிற்று என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. குண்டு போட்ட அந்த மனிதர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அவர் யார், எந்த ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

செமஸ்டர் தேர்வு தொடங்கியது. அன்று ஜெயந்திமாலாவுக்குத் தேர்வறைக் கண்காணிப்பு, எனக்கு ஓய்வு. போனை அணைத்து ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். அருணகிரி சார் அவளுக்கு அடித்துப் பார்த்துவிட்டு எனக்கு அடித்தார்.

"வந்துடுச்சும்மா" என்றார். "ஒரே வரி. விளக்கம் முழு திருப்தி, எந்தப் பக்கமிருந்து பார்த்ததுன்னு ஒரு வாக்கியம் சேர்த்துட்டு, வாய்மொழித் தேர்வு வெச்சுடலாம்னு எழுதியிருக்கார். இந்த அளவுக்கு ஒளிவுமறைவு இல்லாத பதிலை ரொம்ப நாளாப் பார்த்ததில்லைன்னு கீழ தனியா ஒரு குறிப்பு. சொல்லிடும்மா அவகிட்ட."

மாடிப்படி ஏறினேன் என்பதைவிட ஓடினேன் என்பது சரி. தேர்வறை வாசலில் போய் நின்றேன். உள்ளே பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெயந்திமாலா கடைசி வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கண்காணிப்புக்கு வருகிறவர்கள் உட்காரக் கூடாது என்பது எங்கள் கல்லூரியில் விதி. மற்றவர்கள் மேசை விளிம்பில் சாய்ந்தாவது கொள்வோம், அவள் அதுவும் செய்ய மாட்டாள்.

பேசக் கூடாது. எனக்குப் பேசாமல் இருக்கவும் தெரியாது. "டாக்டரம்மா!" என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி.

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அவள் என்னை முறைத்து, "சந்திரகலா மேடம், எக்ஸாம் நடக்குது" என்றாள். பிறகுதான் நான் சொன்னது அவளுக்கு எட்டியது. அப்படியே நின்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்குக் கண் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் அவள் முன்வரிசைக்கு நடந்து வந்ததும், காலியாக இருந்த நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்ததும் தெரிந்தது.

முன்பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கி, "மேடம், அடிஷனல் ஷீட்" என்றாள்.

"தரேம்மா, ஒரு நிமிஷம் இரு" என்றாள் ஜெயந்திமாலா. "நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."